பட்டியலில் ஏறாத குறைகள்: முதல் ஐபேட் அறிவிப்புக்கு வந்த எதிர்வினைகள்

2010 ஜனவரி 27 அன்று சான் பிரான்சிஸ்கோவின் யெர்பா புவேனா அரங்க மேடையில், ஸ்டீவ் ஜாப்ஸ் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ஐபேடில் நியூயார்க் டைம்ஸ் தளத்தைத் திறந்து காட்டினார். பக்கத்தில் ஓரிடத்தில் படத்துக்குப் பதிலாக ஒரு சின்ன நீலக்கட்டை தெரிந்தது. இணையப் பக்கங்களில் வீடியோவும் விளையாட்டும் ஓட அப்போது பயன்பட்ட அடோபியின் மென்பொருளான ஃபிளாஷ் அங்கே ஓடவில்லை என்பதன் அடையாளம் அது. ஜாப்ஸ் கண்டுகொள்ளாமல் பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனார். பார்த்தவர்கள் விடவில்லை.

அன்றைக்கே குறைகளின் பட்டியல் தயாராகிவிட்டது. கேமரா இல்லை. ஃபிளாஷ் இல்லை. வெளியார் செயலிகளில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். யுஎஸ்பி போர்ட் இல்லை, எஸ்டி கார்டு போட இடமில்லை. அகலத்திரைப் படங்களின் காலத்தில் 4:3 திரை. சுற்றிலும் விரல் அகலத்துக்குக் கறுப்பு ஓரம். 'இது ஊதிப் பெருத்த ஐபாட் டச்' என்ற ஒற்றை வரி எல்லா இடத்திலும் சுற்றி வந்தது. பெயர் மாதவிடாய்ப் பஞ்சை நினைவூட்டுகிறது என்ற கேலி ட்விட்டரில் முன்னணிக்கு வந்தது. மென்பொருள் சுதந்திரம் பேசுகிறவர்கள், ஆப்பிள் அனுமதித்ததை மட்டுமே நிறுவ விடும் கருவி இது என்று அரங்கத்துக்கு வெளியிலேயே நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சில நாள் கழித்து பில் கேட்ஸ், இதைப் பார்த்து 'மைக்ரோசாஃப்ட் செய்திருக்கக் கூடாதா' என்று ஏங்கும்படி எதுவுமில்லை என்றார். குரலும் பேனாவும் உண்மையான விசைப்பலகையும் சேர்ந்ததுதான் நிலைக்கும் என்பது அவர் கட்சி.

அதிகம் பாராட்டு கிடைத்தது விலைக்கு. 999 டாலர் என்று வாரக்கணக்கில் வதந்தி ஓடியிருந்தது. ஜாப்ஸ் அந்த எண்ணையே திரையில் போட்டு, அதை நொறுக்கிவிட்டு 499 என்று காட்டினார். 16 ஜிபி, வைஃபை மட்டும் உள்ள மாதிரிக்கு அந்த விலை. 3ஜி வேண்டுமென்றால் 130 டாலர் கூடுதல்.

இந்த எதிர்வினைகளை இன்றைக்கு எடுத்துப்போட்டு 'பாருங்கள், எப்படி ஏமாந்தார்கள்' என்று சிரிப்பது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. அது நியாயமில்லை. பட்டியலில் இருந்த ஒவ்வொன்றும் உண்மை. கோளாறு வேறு இடத்தில் இருந்தது. ஒரு கருவியை யாரும் கையில் எடுப்பதற்கு முன் வரும் எதிர்வினை, விவரத்தாளில் எது இல்லையென்று பார்த்து எழுதப்படுவது. விவரத்தாளிலேயே அச்சாகாததைப் பற்றி அது பேச முடியாது. முதல் ஐபேடை வாங்கியவர்களைப் பிற்பாடு உண்மையில் படுத்தியவை பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்கு வெளியில் இருந்தவைதான்.

பட்டியலில் இருந்தவை என்ன ஆயின? கேமரா 2011 மார்ச்சில் ஐபேட் 2-உடன் வந்தது. பின்பக்கக் கேமராவின் தரம் ஒரு மெகாபிக்சலைக்கூடத் தொடவில்லை என்றாலும் வந்தது. செயலிகள் பின்னணியில் ஓடும் வசதி 2010 நவம்பரில், ஐபேடின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 4.2 பதிப்பில் கிடைத்தது. கேட்ஸ் கேட்ட பேனாவும் விசைப்பலகையும் 2015-இல் ஆப்பிளிடமிருந்தே வந்தன, ஆக அவர் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. யுஎஸ்பி-சி 2018-இல். ஃபிளாஷ் வரவேயில்லை, கைபேசிகளுக்கான ஃபிளாஷை அடோபியே 2011 நவம்பரில் கைவிட்டது. மேசைக்கணினியில் மவுஸ் சின்னத்தை ஒன்றின் மேல் நிறுத்தினால் ஏதாவது நடக்கும் என்பதைப் பல ஃபிளாஷ் பக்கங்கள் நம்பியிருந்தன. விரலுக்கு அப்படி 'மேலே நிற்பது' என்ற நிலையே கிடையாது. வீடியோவை ஃபிளாஷ் பெரும்பாலும் மென்பொருளாலேயே பிரித்துக் காட்டியது, எச்.264 என்ற முறையில் பதிந்த வீடியோவைச் சிப்பில் அதற்கென்றே உள்ள தனிச் சுற்று பிரித்துவிடும். 25 வாட்-மணி பேட்டரியில் பத்து மணி நேரம் என்று சொன்ன கருவிக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

4:3 திரை பற்றிய புகார் பாதி சரி. 1024-க்கு 768 புள்ளி உள்ள திரையில் 16:9 படத்தைப் போட்டால் அது 576 வரிகளைத்தான் நிரப்பும். மீதி 192, அதாவது திரையில் கால்வாசி, கறுப்பாக நிற்கும். ஆனால் அதே கருவியை நிறுத்திப் பிடித்துப் புத்தகமோ பிடிஎஃப்போ படித்தால் அகலம் போதுமானதாக இருக்கும். 16:9 டேப்லட்டை நிறுத்திப் பிடித்தால் ஒல்லியாகிவிடும், வரிகள் மடிந்துகொண்டே வரும். கறுப்பு ஓரமும் இதே கதை. 680 கிராம் எடையை ஒரு கையில் பிடிக்கக் கட்டைவிரல் எங்கேயாவது ஊன்ற வேண்டும். தொடுதிரைமேல் ஊன்றினால் பக்கம் தானாகத் தாவும். ஓரத்தில் ஊன்றியிருக்கும் விரலை மென்பொருளே ஒதுக்கித்தள்ளும் ஏற்பாடு 2012-இல் ஐபேட் மினியோடு வந்த பிறகுதான் பக்கவாட்டு ஓரத்தை ஒடுக்க முடிந்தது. படத்தில் பார்க்கிறவருக்கு அது வீண் இடம், பிடிக்கிறவருக்குக் கைப்பிடி.

புகார்களை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு டேப்லட்டைக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பதில் ஓராண்டில் கிடைத்தது. 2011 பிப்ரவரியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மோட்டோரோலா ஜூம் ஐபேடுக்குப் பட்டியலில் கேட்டதையெல்லாம் வைத்திருந்தது: முன்னும் பின்னும் கேமரா, மைக்ரோ எஸ்டி ஸ்லாட், ஃபிளாஷ், அகலத்திரை, பல செயலிகள் ஒரே நேரத்தில். ஆனால் பெட்டியைத் திறந்த நாளில் ஃபிளாஷ் இல்லை, பின்னால் வரும் என்றார்கள். எஸ்டி ஸ்லாட் இருந்தது, மென்பொருள் அதைப் படிக்கவில்லை. 4ஜி வேண்டுமென்றால் கருவியை நிறுவனத்துக்கு அனுப்பிவைத்து உள்ளே மாற்றி வாங்க வேண்டும். ஒப்பந்தமில்லாமல் வாங்கினால் 799 டாலர். அந்தக் காலாண்டில் மோட்டோரோலா கடைகளுக்கு அனுப்பியது இரண்டரை லட்சத்துக்குச் சற்று மேல். பிளாக்பெர்ரி பிளேபுக் இன்னும் விநோதம். ஃபிளாஷ் ஓடியது, இரண்டு கேமராவும் இருந்தன. மின்னஞ்சலுக்குப் பேர்போன நிறுவனத்தின் டேப்லட்டில் மின்னஞ்சல் செயலி இல்லை. பிளாக்பெர்ரி கைபேசியோடு இணைத்தால்தான் அஞ்சல் பார்க்கலாம். அந்த ஆண்டு முடிவதற்குள் விற்காத சரக்குக்காக நிறுவனம் ஏறத்தாழ 48 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது.

புதிய டேப்லட் அறிவிப்பைப் படிக்கும்போது உதவும் ஒரு நடைமுறை விதி இதிலிருந்து கிடைக்கிறது. 'அப்டேட்டில் வரும்' என்று போட்டிருப்பதை 'இல்லை' என்றே வாசிக்கலாம். வந்தால் லாபம்.

இனி பட்டியலில் ஏறாதவை. முதலில் ரேம், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் செயலிகள் தங்கும் தற்காலிக நினைவகம். ஜனவரி மேடையில் ஏ4 சிப் பற்றியும் அதன் 1 கிகாஹெர்ட்ஸ் வேகம் பற்றியும் பேசினார்கள், ரேம் எவ்வளவு என்று சொல்லவில்லை. விவரத்தாளிலும் இல்லை. ஏப்ரலில் கருவியைப் பிரித்தவர்கள் சிப்பின் மேல் அடுக்கியிருந்த நினைவகத்தைப் பார்த்துத்தான் 256 எம்பி என்று வெளியில் தெரிந்தது. 2009-இல் வந்த ஐபோன் 3ஜிஎஸ்ஸிலும் அதே 256 எம்பிதான். ஆனால் அந்தப் போனின் திரையில் 1,53,600 புள்ளிகள், ஐபேடில் 7,86,432. ஐந்து மடங்குக்கும் மேலான திரைக்கு அதே நினைவகம்.

பயன்படுத்துகிறவர் இதை எப்படி உணர்வார்? சஃபாரியில் ஒன்பது பக்கங்கள் வரை திறந்து வைக்கலாம். மூன்றாவது பக்கத்தில் ஒரு நீளமான படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டு ஐந்தாவது பக்கத்தில் ஏதோ பார்க்கப் போவீர்கள். திரும்பி வரும்போது நினைவகம் போதாமல் பழைய பக்கத்தைச் சஃபாரி தூக்கிப்போட்டிருக்கும். பக்கம் முதலிலிருந்து மறுபடி இறங்கும், நிரப்பியதெல்லாம் காலி. இணையம் மெதுவான இடத்தில் இது தினசரி எரிச்சல். செயலிகள் பின்னணியில் ஓடும் வசதி வந்தபோதும் இந்தக் காரணத்தால்தான் பின்னணியில் நின்றவை அடிக்கடி சத்தமில்லாமல் மூடப்பட்டன. 'பல செயலிகள் ஓடவில்லை' என்று ஜனவரியில் புகார் சொன்னவர்கள் அறிகுறியைப் பிடித்திருந்தார்கள், நோயைப் பார்க்க வழியில்லை.

அதோடு முடியவில்லை. 512 எம்பி வைத்த ஐபேட் 2 ஐந்தாண்டுக்கு மேல் புதுப்பிப்புகள் பெற்று ஐஓஎஸ் 9 வரை போனது. முதல் ஐபேட் 5.1.1-இல் நின்றுவிட்டது, 2012 செப்டம்பரில் ஐஓஎஸ் 6 வந்தபோது அதற்கு இடமில்லை. பின் செயலிகள் ஒவ்வொன்றாக 'இதற்கு மேல் உள்ள பதிப்பு வேண்டும்' என்று கதவை அடைத்தன. கண்ணாடி உடையாமல், பேட்டரி சாகாமல், கருவி மட்டும் காலாவதி. ஆப்பிள் ஐபேடின் ரேம் அளவைத் தன் விவரத்தாளில் முதன்முதலாக அச்சிட்டது 2021-இல், எம்1 சிப் வைத்த ஐபேட் புரோவுக்கு. அதுவரை பிரித்துப் பார்ப்பவர்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

அடுத்தது சார்ஜ். யுஎஸ்பி போர்ட் இல்லையே என்று ஆயிரம் பேர் எழுதினார்கள். கணினியின் யுஎஸ்பி போர்ட்டில் ஐபேடை மாட்டினால் என்ன ஆகும் என்று பெரும்பாலோருக்குக் கேட்கத் தோன்றவில்லை. மாட்டியவர்களுக்கு மேல் மூலையில் 'சார்ஜ் ஆகவில்லை' என்று வந்தது. கருவி பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. கணக்குப் போட்டால் காரணம் எளிது. பேட்டரி ஏறத்தாழ 25 வாட்-மணி. பத்து மணி நேரம் ஓடுகிறதென்றால், திரை எரியும்போது சுமார் 2.5 வாட் செலவு. வழக்கமான யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர், அதுவும் 2.5 வாட். வருவதும் போவதும் சரியாகப் போய்விடும், பேட்டரிக்கு மிஞ்சாது. திரையை அணைத்துவிட்டு இரவு முழுக்க விட்டால் மெல்ல ஏறும். பெட்டியில் வந்த 10 வாட் சார்ஜரில் மாட்டினால் நாலு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஐபோனுக்கு வந்த 5 வாட் சார்ஜரும் இதுவும் வீட்டில் கலந்துவிட்டால் ஐபேடுக்கு ஏறும் நேரம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சிக்கல். 29 டாலருக்கு ஆப்பிள் தனியாக விற்ற கேமரா இணைப்புத் தொகுப்பில் இரண்டு துண்டுகள்: ஒன்று எஸ்டி கார்டுக்கு, ஒன்று யுஎஸ்பிக்கு. யுஎஸ்பி துண்டில் கேமராவைத் தவிர விசைப்பலகையும் ஒலிவாங்கியும்கூட வேலை செய்வதைச் சிலர் கண்டுபிடித்து மகிழ்ந்திருந்தார்கள். ஐஓஎஸ் 4.2 வந்ததும் அந்தத் துண்டு வழியே வெளியே போகும் மின்சாரம் 100 மில்லிஆம்பியரிலிருந்து 20-ஆகக் குறைந்தது. நேற்று ஓடிய விசைப்பலகை இன்று 'அதிக மின்சாரம் கேட்கிறது' என்றது. தீர்வு, தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப் ஒன்றை நடுவில் வைப்பது. மடியில் வைத்துப் பயன்படுத்தும் கருவிக்கு இது எவ்வளவு அபத்தம் என்று சொல்ல வேண்டியதில்லை.

வைஃபை பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில், ஏப்ரலில் வந்த ஐபேடுகளில் சில வலைப்பின்னலைக் குழப்பின. வலைப்பின்னல் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரியைக் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் கொடுக்கும். நேரம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும் அல்லது விட்டுவிட வேண்டும். ஐபேட் சில சமயம் காலம் முடிந்த முகவரியையும் பிடித்துக்கொண்டே இருந்தது. அதே முகவரி வேறொருவருக்குப் போனதும் இருவருக்கும் இடறல். வீட்டில் மூன்று நாலு கருவி மட்டும் உள்ள இடத்தில் இது தெரியாது. ஆயிரக்கணக்கான கருவிகள் உள்ள வளாகத்தில்தான் தெரியும், அதுவும் விற்பனை தொடங்கிய பிறகுதான்.

விவரத்தாளில் அச்சாகியே இருந்தும் யாரும் கண்டுகொள்ளாத ஒன்றும் உண்டு: இயங்கும் வெப்பம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை. அமெரிக்கக் கோடையில் வெயிலில் வைத்துப் படித்தவர்களின் ஐபேட் 'ஆறிய பிறகு பயன்படுத்தவும்' என்று எச்சரித்து அணைந்தது. கலிபோர்னியாவில் வழக்கே போட்டார்கள். திறந்த வெளியில் புத்தகம் போலப் படிக்கலாம் என்று விளம்பரம் செய்துவிட்டு இப்படியா என்பது அவர்கள் கேள்வி. மே மாத வேலூரிலோ மதுரையிலோ நிழலிலேயே 38 டிகிரி தாண்டும் என்பதால், நம் ஊர்க்காரர் அந்த வரியை முதலில் படிப்பது நல்லது. இன்றைய டேப்லட்டுகள் பலவற்றிலும் அந்த வரி அதே 35-தான்.

எடையைப் பற்றி விமர்சகர்கள் பேசினார்கள், ஆனால் ஏப்ரலில். ஜனவரியில் 680 கிராம் என்பது வெறும் எண். மடிக்கணினியோடு ஒப்பிட்டால் குறைவு. ஆனால் படுக்கையில் ஒரு கையில் பிடித்துப் படிப்பதோடு ஒப்பிட வேண்டியது அமேசானின் மின்னூல் கருவியான கின்டில், அது 289 கிராம். ஒப்பிடும் பொருளைத் தப்பாகப் பிடித்தால் சரியான எண்ணும் தப்பான முடிவைத் தரும். அறிவிப்பு நாளில் பெரும்பாலோர் ஐபேடை 300, 400 டாலர் நெட்புக்கோடு (சின்ன, மலிவான மடிக்கணினி) வைத்துப் பார்த்தார்கள், ஏனென்றால் ஜாப்ஸே மேடையில் நெட்புக்கைக் கிண்டலடித்திருந்தார். நெட்புக்கின் அளவுகோலில் ஐபேட் தோற்கத்தான் செய்யும்.

வாங்கியவர்களோ வேறு அளவுகோல் வைத்திருந்தார்கள். ஏப்ரல் 3-ஆம் தேதி ஒரே நாளில் மூன்று லட்சம் போயிற்று, 28 நாளில் பத்து லட்சம். அமெரிக்காவிலேயே தட்டுப்பாடு ஏற்பட்டு, மற்ற நாடுகளில் விற்பனை ஒரு மாதம் தள்ளிப்போனது. 2010 முடிவதற்குள் சுமார் ஒன்றரைக் கோடி. புகார் எழுதியவர்களும் வாங்கியவர்களும் இரண்டு தனிக் கூட்டம் என்று நினைக்க வேண்டாம். நிறையப் பேர் இரண்டையும் செய்தவர்கள்.

வன்பொருள் குறைகளுக்கு ஒரு குணம் உண்டு, அடுத்த மாதிரியில் தீர்ந்துவிடும். கொள்கை பற்றிய புகார் அப்படித் தீராது. அரங்கத்துக்கு வெளியே நின்றவர்கள் சொன்னதை அன்றைக்குப் பெரும்பாலோர் தீவிரவாதமாகப் பார்த்தார்கள்: நீங்கள் விலை கொடுத்து வாங்கிய கருவியில் எதை நிறுவலாம் என்று வேறொருவர் தீர்மானிக்கிறார். அந்தக் குறை ஐபேட் 2-லும் இருந்தது, 2015-லும் இருந்தது. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் எண்முறைச் சந்தைச் சட்டத்தில் ஐபேடின் மென்பொருளையும் சேர்த்த பிறகுதான் வேறு செயலிக்கடைகளுக்குக் கதவு திறந்தது, அதுவும் ஐரோப்பாவில் மட்டும். ஜனவரி 27-இன் எதிர்வினைகளில் மிக நீண்ட காலம் செல்லுபடியானது இதுதான். மிகக் குறைவாகப் பகிரப்பட்டதும் இதுவாகத்தான் இருக்கும், 'கேமரா இல்லை' என்பதற்குள்ள சுருக்கென்ற கவர்ச்சி இதற்கு இல்லையே.

ஆக, அறிவிப்பு நாளில் ஒருவர் தேட வேண்டியவை வேறு. ரேம் எவ்வளவு, சொல்லவில்லை என்றால் ஏன். எத்தனை ஆண்டு புதுப்பிப்பு என்று எழுத்தில் இருக்கிறதா. பெட்டியில் சார்ஜர் உண்டா, எத்தனை வாட். 64 ஜிபி என்றால் இயங்குதளம் போக மிச்சம் எவ்வளவு. எடையைக் கையிலிருக்கும் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும், மடிக்கணினியோடு அல்ல. இதில் பாதிக்கு அன்றைக்குப் பதில் கிடைக்காது. விற்பனை தொடங்கி இரண்டு வாரத்தில், பிரித்துப் பார்த்தவர்களும் பேட்டரியை அளந்தவர்களும் எழுதிய பிறகு கிடைக்கும்.

அதற்காக எத்தனை காலம் காத்திருப்பது என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. இந்தியாவுக்கு முதல் ஐபேட் முறைப்படி வந்தது 2011 ஜனவரி இறுதியில், 27,900 ரூபாயிலிருந்து. அறிவிப்பு வந்து ஓராண்டு. குறை நிறை எல்லாம் அலசித் தீர்ந்திருந்தது. நிதானமாகக் கடைக்குப் போய் வாங்கிய சென்னைக்காரருக்கு ஐந்தே வாரத்தில், மார்ச் 2 அன்று, இரட்டை ரேமும் கேமராக்களும் உள்ள ஐபேட் 2 அறிவிப்பு வந்து சேர்ந்தது; ஏப்ரல் முடிவதற்குள் அது இந்தியக் கடைகளுக்கும் வந்துவிட்டது. அவர் வாங்கியதற்குப் புதுப்பிப்புகள் அடுத்த ஆண்டே நின்றன. ஐஓஎஸ்ஸில் 'தமிழ் 99', 'அஞ்சல்' என்ற இரண்டு தமிழ் விசைப்பலகைகள் உள்ளேயே சேர்க்கப்பட்டது 2013-இல், ஏழாம் பதிப்பில். ஐந்தாம் பதிப்பில் நின்றுபோன முதல் ஐபேடுக்கு அவை வரவே இல்லை. தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா என்ற கேள்வி 2010 ஜனவரியின் எந்தப் பெரிய பட்டியலிலும் கிடையாது. கேட்டிருக்க வேண்டியவர்கள் நாம்தான்.